புரோகிராம் வேகம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: "அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டப் பார்ப்பதுதான் சகல கேடுகளுக்கும் மூலகாரணம்" என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் சொன்னதாக எங்கள் டீம் லீட் அடிக்கடி சொல்வார். அப்படியென்றால் கோடு எழுதும்போது வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாமா?

பதில்: நூத் அப்படி எழுதியது உண்மைதான், 1974-இல். ஆனால் சின்னச் சின்னச் சேமிப்புகளை 97 சதவீத நேரம் மறந்துவிடலாம் என்று சொன்ன அதே இடத்தில், மிச்சமுள்ள முக்கியமான 3 சதவீதத்தில் கிடைக்கும் வாய்ப்பை விட்டுவிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். பாதியை மட்டும் எடுத்துச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த 3 சதவீதம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு ஜிடிஏ ஆன்லைன் என்ற வீடியோ கேமை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிசியில் அது லோட் ஆகப் பல நிமிடங்கள் ஆகிக்கொண்டிருந்தது, வருடக்கணக்கில் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். 2021-இல் வெளியாள் ஒருவர், சோர்ஸ் கோடு கையில் இல்லாமலே, எந்த இடத்தில் நேரம் போகிறது என்று அளக்கும் புரொஃபைலரை ஓட்டிக் காரணத்தைப் பிடித்தார். விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் விற்கும் சுமார் 63,000 பொருட்களின் விவரம் 10 எம்பி ஜேசானாக (டேட்டாவை எழுத்துகளாக எழுதும் வடிவம்) வருகிறது. அதில் ஒவ்வொரு மதிப்பையும் படிக்க எஸ்ஸ்கேன்எஃப் (sscanf) என்ற ஃபங்ஷன் கூப்பிடப்படுகிறது, அது உள்ளுக்குள் மிச்சமிருக்கும் மொத்த எழுத்துகளையும் ஒவ்வொரு முறையும் கடைசி வரை எண்ணிப் பார்க்கிறது. அப்புறம், ஒரே பொருள் இரண்டு முறை வந்துவிட்டதா என்று பார்க்க, அதுவரை சேர்த்த பட்டியல் முழுவதையும் தேடுகிறது. கணக்குப் போட்டால் 200 கோடி ஒப்பீடுகளுக்குப் பக்கத்தில் வரும். இந்த இரண்டையும் சரிசெய்ததும் அவருடைய கணினியில் லோட் ஆகும் நேரம் 6 நிமிடத்திலிருந்து 1 நிமிடம் 50 விநாடியாகக் குறைந்தது. விளையாட்டைத் தயாரித்த ராக்ஸ்டார் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது.

கவனியுங்கள், அந்த வரிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, பட்டியலில் 100 பொருள் இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அதனால் டிசைன் செய்யும்போதே யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பட்டியல் எவ்வளவு பெரிதாகும், இந்த வேலை எத்தனை முறை நடக்கும்? லூப்புக்குள் ஒரு கூட்டலை மிச்சம் பிடிப்பதெல்லாம் அளந்து பார்த்த பிறகு.

கேள்வி: எங்கள் சர்வர் மெதுவாக இருக்கிறது. பைத்தானை விட்டு, வேகமான மொழியான ரஸ்டுக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மேலே சொன்ன விளையாட்டு சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது, அந்த வேகமான மொழி அதைக் காப்பாற்றவில்லை. மெதுவாவது பைத்தான் கணக்குப் போடும் இடத்தில்தான் என்று அளந்து தெரிந்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: அளக்க எந்தக் கருவி நல்லது?

பதில்: லினக்ஸ் என்றால் பெர்ஃப் என்ற புரொஃபைலர், அதன் முடிவை ஒவ்வொரு ஃபங்ஷனும் ஒரு பெட்டியாக வரும் ஃப்ளேம் கிராஃப் என்ற படமாகப் பாருங்கள், எந்தப் பெட்டி அகலமோ அங்கேதான் சிபியு நேரம் போகிறது. ஆனால் புரோகிராம் டேட்டாபேஸுக்காகச் சும்மா காத்திருந்தால் இந்தப் படத்தில் அது தெரியாது. பல வெப் அப்ளிகேஷன்களில் நிலைமை அதுதான்: 100 ஆர்டர்களைக் காட்ட, பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒன்று என்று டேட்டாபேஸுக்கு 101 க்வெரி (டேட்டா கேட்கும் கேள்வி) போகும், லேப்டாப்பில் டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. ஒரு பக்கத்தைத் திறந்தால் எத்தனை க்வெரி போகிறது என்று முதலில் லாகில் எண்ணுங்கள், அதுவும் நிஜ அளவு டேட்டாவை வைத்து.