வேட்டி தளர்ந்திருக்கிறதா?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய மதுரையில் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, ‘ஃபிட்’ என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தீபாவளியிலிருந்து இளைத்துக்கொண்டே வருகிறார். டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. இந்த வயதில் கத்தி வைக்கலாமா டாக்டர்?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: வயதைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. முப்பது வருடம் மயக்க மருந்து கொடுத்தவன் நான். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கூடை தூக்கிக்கொண்டிருந்த 82 வயது அம்மா ஒருவர், பித்தப்பை எடுத்த மூன்றாம் நாளே “எப்ப வீட்டுக்கு விடுவீங்க” என்று நச்சரித்தார். என் அப்பாவோ 71 வயதில், அதைவிடச் சின்ன ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி, என்னைப் பார்த்து “யாருப்பா நீ?” என்று கேட்டார். திரும்பத் தனியாக நடக்க நான்கு மாதம் ஆனது. அவருக்கும் எக்கோ நன்றாகத்தான் இருந்தது. இடுப்பில் வேட்டி நிற்காமல் போனதை டாக்டரான நானே கவனிக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

எக்கோ இதயத்தைத்தான் காட்டும், உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்பதைக் காட்டாது. தெம்பு குறைந்தவர்களில் பலரும் ஆபரேஷனைத் தாங்கிவிடுவார்கள். அப்புறம் வரும் சளிக்காய்ச்சல், புத்தித் தடுமாற்றம், படுத்த படுக்கை, இவற்றில்தான் விழுந்துவிடுகிறார்கள்.

அப்பாவை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் அதைச் சொல்லுங்கள். எடையும் போடுங்கள். எடையைக் குறைக்க முயற்சி எடுக்காமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால், ஏன் என்று கண்டுபிடித்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சு.

குடலிறக்க வீக்கம் வலியில்லாமல், படுத்தால் உள்ளே போய்விடுகிறதா? அப்படியானால் சில வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த நாட்களில் முட்டை, மீன், பருப்பு கொடுங்கள் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு). தினமும் அந்த டீக்கடை வரை கூட்டிப்போய் வாருங்கள். ஆபரேஷன் செய்யும் இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள், பலருக்கு முடியும். ஆபரேஷன் ஆனதும் அவருடைய மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ராத்திரி வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருங்கள். தெரிந்த முகமும் குரலும் குழப்பத்தைக் குறைக்கும்.

ஆனால் வீக்கம் கல்லாக இறுகி, உள்ளே போகாமல், வலியோ வாந்தியோ வந்தால் தெம்புக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அது நடுராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.