கோத்தகிரியில் இருந்துகொண்டு, ஏஜென்ட் இல்லாமல் பிரிட்டனுக்கு பிசியோவாகப் போக முடியுமா?

முடியும். பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) முடித்தவர் அங்கே பிசியோக்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யின் பதிவுக்குத் தானே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பதிவு இல்லாமல் அங்கே ‘பிசியோதெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொள்வதே குற்றம் என்பதால், வேலை தேடுவதற்கு முன் இதுதான். ஐ.ஏ.பி. (இந்திய பிசியோதெரபிஸ்ட்கள் சங்கம்) எண்ணைப் பலர் லைசென்ஸ் என்று நினைக்கிறார்கள். அது சங்க உறுப்பினர் எண் மட்டுமே.

இழுத்தடிப்பது பெரும்பாலும் கல்லூரி அலுவலகம்தான். மதிப்பெண் பட்டியல் போதாது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், இன்டர்ன்ஷிப்பில் ஆர்த்தோ, நியூரோ, கார்டியோ-ரெஸ்பிரேட்டரி பிரிவுகளில் எவ்வளவு என்று கல்லூரியே எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். பிரிட்டன் மாணவருக்குக் களப்பயிற்சி மட்டுமே 1,000 மணி நேரம்; உங்கள் படிப்பும் பயிற்சியும் எச்.சி.பி.சி.யின் தகுதித் தரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். ‘ஆறு மாதம் திருப்திகரமாகப் பயிற்சி பெற்றார்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் திரும்பி வரும். நீங்கள் சேர்ந்த ஆண்டின் சிலபஸைக் கையோடு கொண்டுபோய், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்குங்கள்.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் இரண்டும் ஒருவரே என்ற அஃபிடவிட் எடுத்து வையுங்கள்.

ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. தேர்வுக்குக் கோவை போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் தேதி கிடைத்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் தேர்வுக் கட்டணம் போச்சு.

பதிவு வந்ததும் என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை) பேண்ட் 5, அதாவது புதுப் பட்டதாரிகளுக்கான நிலை, வேலைகளுக்குப் போடலாம். விளம்பரத்தோடு இருக்கும் தகுதிப் பட்டியலில் ‘அவசியம்’ என்ற ஒவ்வொரு வரிக்கும் ஓர் உதாரணம் எழுதுங்கள்; அதற்குத்தான் மதிப்பெண். விசா ஸ்பான்சர் தருவார்களா என்பதை முதலிலேயே பாருங்கள், உள்ளூர்ப் பட்டதாரிகளோடு போட்டி கடுமை. வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்பது என்.எச்.எஸ். ஆள்சேர்ப்பு விதிக்கே எதிரானது.

மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. எஸ்டேட் தொழிலாளரின் முதுகுவலி, முழங்கால்வலி, பக்கவாதம் ஆகியவற்றுக்கான சிகிச்சை கைவந்திருக்கும், ஐ.சி.யூ. அனுபவம் இருக்காது. அங்கேயோ இரவு ஆன்-காலில் (கூப்பிட்டால் வரும் டியூட்டி) சளி கட்டி ஆக்சிஜன் இறங்கும் நோயாளியை பிசியோதான் பார்க்க வேண்டும். கோவையில் வென்டிலேட்டர் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சில மாதம் இருந்து, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன், நோயாளியைத் தக்கபடி படுக்கவைக்கும் பொசிஷனிங் கற்றுக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் இதே நோயாளியைக் கொடுத்து முதலில் என்ன செய்வீர்கள் என்பார்கள். ‘டாக்டரிடம் கேட்பேன்’ என்பதிலேயே நிற்காமல், எதை எதைப் பரிசோதிப்பீர்கள், எந்த நிலையில் டாக்டரைக் கூப்பிடுவீர்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.