முடக்கு வாதத்தில் வளைந்த கால் விரல்களைச் செருப்பு நிமிர்த்துமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஒன்பது ஆண்டுகளாக முடக்கு வாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கை வலி அடங்கிவிட்டது, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் கால் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்துவிட்டது. மற்ற விரல்கள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. நடந்தால் கூழாங்கல்லை மிதிப்பதுபோல் முன்பாதம் வலிக்கிறது. ஒரு முகாமில் பாதத்தை ஸ்கேன் செய்துவிட்டு, 9,000 ரூபாய் செருப்பு போட்டால் ஆறு மாதத்தில் விரல் நிமிரும் என்றார்கள். வாங்கலாமா? இல்லை ஆபரேஷன்தானா? – வாசகி, ஈரோடு

பதில்: வாங்காதீர்கள், அம்மா. மூட்டு விலகி இறுகிப்போன விரலை எந்தச் செருப்பும் நிமிர்த்தாது.

விரல்களின் அடிமூட்டில் உள்ள சவ்வு வீங்கி வீங்கி, மூட்டைப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்திவிட்டது. விரல்கள் மேலே ஏறிவிட்டன. அடியில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்பும் அவற்றோடு முன்னால் நகர்ந்துவிட்டது. இப்போது எலும்பின் முனைக்கும் தரைக்கும் நடுவே தோல் மட்டும்தான். நீங்கள் சொல்லும் கூழாங்கல் உங்கள் எலும்பேதான்.

அந்த முனைமேல் விழும் பாரத்தைக் குறைப்பதுதான் செருப்பின் வேலை. முகாமில் காட்டும் வண்ண வண்ணப் படம் எங்கே அழுத்தம் அதிகம் என்று சொல்லும், அவ்வளவுதான். மூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கமிஷனுக்காக விற்கிறவர்களிடம் உங்கள் காலைக் கொடுக்காதீர்கள். 'அக்குபிரஷர்' முள் செருப்பும், பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையும் உங்களுக்கு ஆகவே ஆகாது. மருந்துக்கடையில் தரும் கால் ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். முடக்கு வாத மருந்துகள் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால் சின்னப் புண்ணும் சீழ் பிடிக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறை என்று கேட்டுப் போங்கள். சீட்டு எழுதி வாங்கி இரண்டு மூன்று துறைக்கு அலைய வைப்பார்கள். நடக்கவே வலிக்கிறவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனாலும் போங்கள். எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு கேளுங்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணைத் தடுக்கப் பயன்படுத்திய அதே நுண்துளை ரப்பர்தான். யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

முன்பக்கம் அகலமும் உயரமும் வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் வார் வேண்டும். வார் இல்லாத செருப்பை விரலால் கவ்வித்தான் நடக்க வேண்டும், அந்தக் கவ்வல் வளைவை அதிகமாக்கும். உள்ளே சிறு மேடு ஒன்று ஒட்டுவார்கள். அது வலிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், குதிகால் பக்கமாக இருக்க வேண்டும். வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மெட்டி இறுகினால் கழற்றிவிடுங்கள். யார் என்ன சொன்னாலும் சரி.

செருப்பு வலிக்காமல் இருந்தால் போதும் என்பது பொது விதி. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் இந்த விதி செல்லாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது சகஜம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உணர்வு மங்கிய கால், செருப்பு கடித்தாலும் சொல்லாது. 'டாக்டர், இப்போது வலியே இல்லை' என்று சந்தோஷமாக வருகிறவரின் பாதத்தில் புண் இருக்கும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அழுத்திப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலைதான், கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உணர்வு குறைந்திருந்தால் புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். தோல் சிவந்து, அரை மணி கழிந்தும் அந்தச் சிவப்பு மறையவில்லையென்றால் செருப்பை மாற்ற வேண்டும். பிறகும் தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நோய் கட்டுக்குள் இருக்கிறது என்றாரே, உங்கள் டாக்டர் காலைப் பார்த்தாரா? முடக்கு வாதத்தின் வேகத்தை அளக்க வழக்கமாக 28 மூட்டுகளை எண்ணும் முறை ஒன்று உண்டு. அந்த 28-இல் கணுக்காலும் இல்லை, பாதமும் இல்லை. கை நன்றாக இருந்தால் மதிப்பெண் நன்றாக வந்துவிடும், கால் மூட்டு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கலாம். அடுத்த முறை உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். விரல் அடிமூட்டுகளை இரு பக்கமும் சேர்த்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வலித்தால் மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

ஆபரேஷன் அழகுக்கு அல்ல, வலிக்கு. நல்ல செருப்பும் சரியான மருந்தும் சில மாதம் பார்த்த பிறகும் நடக்க முடியவில்லை என்றால் செய்துகொள்ளலாம். பெருவிரல் மூட்டை நேராக வைத்து ஒட்டிவிடுவார்கள், மற்ற விரல்களைச் சீர்செய்வார்கள். அந்த மூட்டு பிறகு மடங்காது, ஆனால் வலி நன்றாகவே குறையும். ஆபரேஷனுக்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். முடக்கு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. 'பயோலாஜிக்' எனும் உயிரியல் மருந்து ஊசி போடுகிறவர் என்றால், ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் தேதியை மூட்டு வாத நிபுணரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். முடக்கு வாதம் கழுத்திலுள்ள முதுகெலும்பு மூட்டுகளையும் தளர்த்தும் என்பதால், மயக்க மருந்துக்கு முன் கழுத்து எக்ஸ்ரே வேண்டுமா என்று நீங்களே மயக்கவியல் டாக்டரிடம் கேளுங்கள்.