கேள்வி-பதில்: குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

மார்கழி நெருங்குகிறது, வந்த கடிதங்களில் பாதி வெந்நீர் பற்றியவை. சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

வாடகை வீடு. ஹீட்டர் ஓடும்போது பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது. வீட்டுக்காரர், "செருப்புப் போட்டுக்கொண்டு குளியுங்கள், ஒன்றும் ஆகாது" என்கிறார். புது ஹீட்டர் வாங்கினால் சரியாகுமா? (வாசகர், திருப்பூர்)

முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். சரிசெய்யும்வரை வெந்நீர் அடுப்பில் காயட்டும். ஹீட்டரை மாற்றினாலும் இந்த வீட்டில் நாளைக்கு இதே கதைதான், ஏனென்றால் சுவரில் எர்த் இல்லை என்று நினைக்கிறேன்.

போர் தண்ணீரின் உப்பு ஹீட்டருக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பியின் மேல் ஏடு ஏடாகப் படியும். சூடு வெளியேற வழியின்றி அதன் உறை விரிசல் விட்டால் தண்ணீரிலும் குழாயிலும் கரண்ட் பாயும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் உங்கள் வழியாகப் போகும்.

எர்த் என்றால் என்னவென்று தெரியாத ஊரா இது? கிணற்று மோட்டாருக்குக் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, சித்திரை வெயிலில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீரும் ஊற்றுகிறவர்கள் நாம். அதே மனிதர் ஊருக்குள் வாடகைக்கு வீடு கட்டினால், டைல்ஸுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு எர்த் கம்பியில் மிச்சம் பிடிக்கிறார். பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த்தைக் கட்டிவைத்திருப்பார்கள். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே அந்த எர்த்தும் போய்விட்டது. அதை யாரும் கவனிப்பதில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டு, தகுதியுள்ள எலக்ட்ரீசியனை வைத்து அந்த சாக்கெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் பச்சை ஒயர் வருகிறதா? அல்லது பக்கத்து நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) முனையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் தாவி வந்து அங்கே முறுக்கப்பட்டிருக்கிறதா? பின்னது என்றால் அது எர்த் அல்ல, ஏமாற்று. டெஸ்ட் பல்பு போட்டுப் பார்த்தால்கூட நன்றாக எரிந்து தொலைக்கும். ஆனால் எங்கோ நியூட்ரல் விட்டுப்போனால், பழுதே இல்லாத ஹீட்டரின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

இதற்கு மேல் மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் கருவி) ஒன்று வேண்டும். "எம்சிபி இருக்கிறதே" என்பார் வீட்டுக்காரர். எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச். அது ஒயர் எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. ஆர்சிசிபியின் விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அவரிடம் எழுத்தில் கேளுங்கள். செருப்பு யோசனையையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இடம் இல்லாததால் வாஷிங் மெஷினை பாத்ரூமுக்குள் வைத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓட்டுகிறோம். பரவாயில்லையா? (வாசகி, பொள்ளாச்சி)

கூடாது.

தள்ளுபடியில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கினேன். பிளக் பெரிதாக இருக்கிறது, எங்கள் சாக்கெட்டில் நுழையவில்லை. கன்வர்ட்டர் பிளக் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், கோவை)

நுழையாத பிளக் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது. அதன் பேச்சைக் கேளுங்கள். 3,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். உங்களுடையது 6 ஆம்பியர் சாக்கெட். பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பதைப் படிக்காமல் தள்ளுபடி எழுத்தை மட்டும் படித்தால் நான் என்ன செய்வது? மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் (தூரம் அதிகமென்றால் 4), 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி வேண்டும். சுவிட்சை பாத்ரூமுக்கு வெளியே வையுங்கள்.

ஆன்லைனில் குழாயோடு சேர்ந்த ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

ஒன்று என் பரணில் கிடக்கிறது, இலவசமாகத் தருகிறேன். ஐஎஸ்ஐ முத்திரை எங்கும் இல்லை. ஒயர் ஷூ லேஸ் கனம். ஒரே வாரத்தில் வெள்ளை பிளக் பழுப்பாகி, கால்கள் இரண்டும் இளகிச் சாய்ந்துவிட்டன. மின்கட்டணத்தைக் குறைக்கும் என்று வாங்கிய பச்சை விளக்குப் பெட்டிக்குத் துணையாக வைத்திருக்கிறேன்.

கணவர் இல்லை, தனியாக இருக்கிறேன். 15 லிட்டர் ஹீட்டருக்கு ஐந்து வருட உத்தரவாதம் என்றார்கள். எட்டாம் மாதமே ஒழுகுகிறது. "உங்கள் தண்ணீர் உப்பு, உத்தரவாதம் செல்லாது" என்கிறார்கள். பில் தரவில்லை, எஸ்டிமேட் சீட்டுதான். கடையில் உட்காரக்கூடச் சொல்வதில்லை. (வாசகி, பெருந்துறை)

அம்மா, தவறு உங்கள் மேல் இல்லை. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் அதன் பதிவு, ஹீட்டர் உடம்பில் உள்ள வரிசை எண், ஒழுகும் இடத்தின் படம் மூன்றும் சாட்சிகள். உப்புத் தண்ணீர் நிபந்தனை உத்தரவாத அட்டையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கடைக்காரர் வாயில் பிறந்தது. ஐஎஸ்ஐ முத்திரையின் கீழுள்ள சிஎம்/எல் எண்ணை (உரிம எண்), அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரியும்.

கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கடைக்கு இனி நடக்க வேண்டாம். ஒழுகும் ஹீட்டரைப் போடவும் வேண்டாம்.

பக்கெட்டில் ராடு போட்டிருக்கும்போது தண்ணீர் சூடாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், கோபி)

பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகு. விரல் விட்டுப் பார்க்கிறவர் என்று தோன்றுகிறது, விட்டுவிடுங்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. அதைத் தாண்டி நேராக இணைத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். (வாசகர், கரூர்)

எலக்ட்ரீசியனை மாற்றுங்கள். எங்கோ கசிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதைப் பழுது பார்க்கக் கொடுங்கள். ஹீட்டரிலும் கிரைண்டரிலும் தொடங்குங்கள். எதுவும் செருகாதபோதே விழுந்தால், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் சுவரில் ஒயர் நனைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.