நாஸ்டர்டியம் செடியில் இலை மட்டும் மண்டுகிறது, பூவே காணோம். ஏன்?

பெரும்பாலும் உரம்தான் காரணம். சாணம், மண்புழு உரம் என்று தாராளமாகப் போட்டால் தழைச்சத்து கூடி, செடி இலையாகவே தள்ளும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துச் செடி இது. தண்ணீர் தேங்காத சுமாரான மண்ணே போதும். உரத்தை அடியோடு நிறுத்துங்கள். வெயில் போதாவிட்டாலும் இதே கதைதான்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் யாரும் கவனிக்காமலே படர்ந்து கிடக்கும். சமவெளியில் அக்டோபர், நவம்பரில் விதையுங்கள். பங்குனி வெயிலுக்குத் தாங்காது. பட்டாணி அளவு விதையை இரவு ஊறவைத்து, 1 முதல் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். வளரப்போகிற தொட்டியிலேயே ஊன்றுங்கள், பிடுங்கி நடுவது இதற்கு ஒத்துவராது.

அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மருந்து வேண்டாம், ஏனென்றால் இலை, பூ, பச்சை விதை எல்லாமே சாப்பிடக்கூடியவை. பூவின் பின்னால் வால்போல நீண்டிருக்கும் குழலில் தேன் இருக்கும். அதோடு கடித்தால் முதலில் லேசான இனிப்பு, அப்புறம் கடுகுபோல மூக்கில் ஏறும் காரம். வேகவைத்தால் அந்தக் காரம் போய்விடும். பச்சையாக நறுக்கித் தயிர்ப் பச்சடியில் போடுவதே என் கட்சி. பிஞ்சு விதைகளை உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, வினிகரில் போட்டால் ஊறுகாய். முற்றி மஞ்சளடித்த விதையை மட்டும் அடுத்த விதைப்புக்கு எடுத்துவையுங்கள்.