வெட்டு நாளில் உபவாசமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்திவருகிறார்.)

அக்கா, நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன். விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் (தவக்காலத்தில்) வெள்ளிதோறும் சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறேன். பால் எடுக்கும்போது கண் இருட்டுகிறது. மத்தியான ஜெபத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். "ஒரு வாய் கஞ்சி குடித்தாலும் உபவாசம் போச்சு" என்கிறார் சபையில் ஓர் அண்ணன். என்ன செய்ய?
ஒரு வாசகர், அருமனை

முதலில் கஞ்சியைக் குடியுங்கள் தம்பி. இருட்டில் சரிவில் மரத்துக்கு மரம் நடப்பவர் நீங்கள். கையில் இருப்பதோ கூர்தீட்டிய கத்தி. அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிச் சுமக்கவும் வேண்டும். வெறும் வயிற்றில் இந்த வேலை வேண்டாம்.

அந்த அண்ணனிடம் தானியேல் 10-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். துக்கத்தோடு உபவாசம் இருந்த மூன்று வாரமும் தானியேல் ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டார் என்றுதான் இருக்கிறது. சுத்தப் பட்டினி என்று இல்லை. வெள்ளிக்கிழமைதான் என்றும் வேதத்தில் கட்டளை கிடையாது. ஆதி கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் உபவாசித்தார்கள், அது நல்ல வழக்கம், அவ்வளவுதான். மழையில் மரம் நனைந்து வெட்டு இல்லாமல் போகும் நாள் உங்களுக்கு வருமே, அன்றைக்கு முழு உபவாசம் இருங்கள். வெட்டு நாளில் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சம்பாக் கஞ்சியும் பயறும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். மத்தியானச் சோறும், நாலு மணிச் சாயாவும் பழம்பொரியும் வேண்டாம். நம்ம ஊர்க்காரருக்குச் சோற்றை விடுவதைவிடச் சாயாவை விடுவதுதான் பெரும்பாடு. முதல் நாள் தலைவலிக்கும். அது பிசாசின் போராட்டம் இல்லை, சாயா குடிக்காத கோளாறு. இரண்டு நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் தெரியாது.

தூக்கத்துக்காக வருத்தப்படாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழே தூங்கிப்போனபோது தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான், திட்டவில்லை. அந்தப் பலத்தில்தான் அவர் 40 நாள் நடந்தார். நீங்களும் அரை மணி நேரம் படுத்து எழுந்துவிட்டு ஜெபத்துக்கு வாருங்கள்.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. சாப்பிடாததால் மிச்சமாகும் அந்த நேரத்தை என்ன செய்கிறீர்கள்? அந்த நேரம் ஜெபத்துக்குப் போகாவிட்டால் வெறும் பட்டினிதான். 51-ஆம் சங்கீதத்தையோ 130-ஐயோ எடுத்து, நின்றுகொண்டு, வாய்விட்டு, மெதுவாக மூன்று தடவை வாசியுங்கள். எந்த வரியில் மனசு நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். முதலில் ரப்பர் விலையும் சீட்டுப் பணமும்தான் தலைக்குள் ஓடும், ஓடட்டும். விண்ணப்பங்களைக் கடைசியில் வையுங்கள். நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன்; ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுச் சொல்வேன். அதற்குள் கண் சொக்காது. மைக் கையில் வந்தவுடன் ஜெபம் நீளுகிறவர்களும் இந்த நோட்டு முறையைப் பழகினால் நமக்கெல்லாம் நல்லது.

உபவாசம் இருந்தால் கர்த்தர் கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. வியாதியாய்க் கிடந்த பிள்ளைக்காகத் தாவீது ராஜா ஏழு நாள் தரையில் கிடந்தார். பிள்ளை இறந்துபோனது. அவர் எழுந்து, குளித்து, எண்ணெய் பூசி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படிக் காத்துக் கிடந்த அம்மாமார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் "உபவாசம் போதவில்லை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இன்னொன்று. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்கும் பிடி அரிசி வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உபவாச நாளில் பிடி போதாது, விட்ட வேளையின் முழு அளவையும் எடுங்கள். அன்றைக்கு அடுப்பே வேண்டாம் என்று வைக்காமல், என் பங்குச் சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு பாட்டி வீட்டுக்குப் போவேன். மீன் குழம்பு மணம் வழியெல்லாம் என்னைச் சோதிக்கும். பாட்டி ருசி பார்த்துவிட்டு "உப்பு கம்மி" என்பார். பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதே உபவாசம் என்கிற ஏசாயா 58-ஐ எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். மூன்று நாள் உபவாசக் கூடுகைக்கு விசுவாசத்தோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டுப் போகலாமா?
ஒரு வாசகர், தக்கலை

கூடாது ஐயா. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவும் கூடாது. சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையை வேகமாக இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் ஆராதனை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வேளை தவறாமல் சாப்பிட்டு, மீனையும் இறைச்சியையும் மட்டும் விடுங்கள். கூடுகைக்குப் போங்கள், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போங்கள்.

என் வீட்டுக்காரர் ஆழ்கடல் தங்கலுக்கு (நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போயிருக்கிறார். திரும்பும் வரை தினமும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) இருப்பதாக மாதாவிடம் நேர்ந்திருக்கிறேன். மடியில் நாலு மாதக் குழந்தை. பால் குறைகிறது என்று மாமியார் ஏசுகிறார். நேர்ச்சையை மீறலாமா?
ஒரு வாசகி, வள்ளவிளை

மக்களே, 2017-இல் ஒக்கி புயல் அடித்துப்போன கரையில் இருந்து எழுதுகிறீர்கள். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாமியார் சொல்வது சரி. பால் கொடுக்கும் தாய் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை. உங்கள் கத்தோலிக்கத் திருச்சபையே 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் கடமை நோன்பாக வைத்திருக்கிறது. நோயாளிகளுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும் அதிலும் விலக்கு உண்டு. தனிப்பட்ட நேர்ச்சையைத் தளர்த்தப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் இருக்கிறது. நான் சி.எஸ்.ஐ.க்காரி, என் பேச்சை வைத்து முடிவெடுக்காமல் அவரையே போய்ப் பாருங்கள். பட்டினிக்குப் பதிலாக, ராத்திரி குழந்தை பாலுக்கு எழுப்பும் ஒவ்வொரு தடவையும் ஜெபமாலையில் பத்து மணிகள் சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள். போட்டில் இருக்கும் மற்றவர்களின் பெயர்களையும் அதில் சேருங்கள்.

உபவாசம் இருக்கும் நாளில் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் நாலு பேருக்கு உற்சாகமாக இருக்காதா?
ஒரு வாசகி, மார்த்தாண்டம்

மத்தேயு 6-இல் ஆண்டவர், உபவாசம் மனுஷருக்குத் தெரியாதபடி தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு இருக்கச் சொல்கிறார். அன்றைக்குப் போனை அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்கள் மாமியாருக்குப் போன் செய்ய மட்டும் எடுக்கலாம்.