பால் சொசைட்டி கணக்கை பேஸ் மென்பொருளில் ஏற்றும்போது வரும் சிக்கல்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். காலை, மாலை அளவையைக் கணினியில் ஏற்றுவதற்காக லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள தரவுத்தள மென்பொருளான பேஸ் பழகி வருகிறேன். அட்டவணை திறக்கிறது, ஆனால் எழுத விடுவதில்லை. 4.2 என்று அடித்த ஃபேட் (பாலின் கொழுப்பு அளவு) 4 ஆகிவிடுகிறது. இணையத்தில் பார்த்து எழுதிய கட்டளைக்கு ‘டேபிள் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. கரண்ட் போன ஒரு மாலையில் அன்றைய பதிவு முழுவதும் போய்விட்டது. உதவிப் பக்கங்களில் எதற்கும் தெளிவான விளக்கம் இல்லை. வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டியதில்லை. தங்களுக்கு வேண்டிய விளக்கத்தில் பெரும்பகுதி பேஸின் கையேட்டில் இல்லாமல் வேறொரு மென்பொருளின் கையேட்டில் இருக்கிறது என்பதைப் பேஸ் எங்குமே உரக்கச் சொல்வதில்லை. புதிதாகப் பழகுவோர் அனைவரும் இடறுவது இங்கேதான். 2005-இல், லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஓபன் ஆபீஸ் 2.0 பதிப்புடன் வந்த பேஸ், படிவங்களையும் அட்டவணைகளையும் காட்டும் முகப்பு மட்டுமே. தரவைச் சேமித்துத் தேடிக் கொடுப்பது அதற்குப் பின்னால் இயங்கும் எஞ்சின். பேஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் ‘ஹெச்எஸ்கியூஎல்டிபி எம்பெடட்’ என்று இருந்தால், தங்களுடைய எஞ்சின் ஹெச்எஸ்கியூஎல்டிபி 1.8. கட்டளை தொடர்பான பிழைச் செய்தி வந்தால் அந்த எஞ்சினின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்.

‘டேபிள் நாட் ஃபவுண்ட்’ செய்தியையே எடுத்துக்கொள்வோம். டூல்ஸ் பட்டியலில் உள்ள, கட்டளைகளை எழுதும் எஸ்கியூஎல் சாளரத்தில், அட்டவணையின் பெயரை இரட்டை மேற்கோள் குறி இல்லாமல் அடித்தால், எஞ்சின் அதை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளாக மாற்றிக்கொண்டு தேடும். தாங்கள் அட்டவணைக்குச் சிறிய எழுத்துகள் கலந்த பெயர் வைத்திருந்தால் அது கிடைக்காது. பிழைச் செய்தியை ஊன்றிப் பார்த்தால், தாங்கள் அடிக்காத பெரிய எழுத்துகளில் பெயர் இருப்பது தெரியும். அட்டவணைகளுக்கும் அவற்றின் நெடுவரிசைகளான பத்திகளுக்கும் இடைவெளியில்லாமல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும். உறுப்பினர் பெயர்களைத் தமிழிலோ மலையாளத்திலோ தாராளமாக எழுதலாம். இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளில் பல மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு எஞ்சினுக்கு எழுதப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். நாள் வித்தியாசம் காணும் ‘டேட்டிஃப்’ அங்கே இரண்டு தேதிகளை மட்டும் கேட்கும். தங்கள் எஞ்சினோ, நாளா மாதமா என்ற குறியீட்டை முதலில் ஒற்றை மேற்கோளுக்குள் கேட்கும்.

எழுத விடாத அட்டவணைக்கு பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பத்தி, இல்லை என்று கொள்ளலாம். அட்டவணையை முதன்முதலில் சேமிக்கும்போது, பிரைமரி கீ உருவாக்கவா என்று பேஸ் கேட்கும். ‘நோ’ என்று அழுத்தியவருக்கு, பிறகு எழுத முடியாமல் போகும்போது அதுதான் காரணம் என்று அது நினைவூட்டாது. இது கையேட்டின் குறை என்பதைவிட மென்பொருளின் குறை என்பேன். உறுப்பினர் அட்டவணையில் உறுப்பினர் எண்ணையே கீயாக வைக்கலாம். அளவை அட்டவணையில் அப்படி வைத்தால், காலையில் பால் ஊற்றியவர் மாலையில் மீண்டும் வரும்போது ‘யுனீக் கன்ஸ்ட்ரெய்ன்ட்’ மீறல் என்று எஞ்சின் மறுக்கும். அங்கே தானாக ஏறும் தனி எண் ஒன்று வேண்டும்.

ஃபேட் குறைவதற்குக் காரணம் எளியது. டெசிமல் வகைப் பத்தியில் ‘டெசிமல் பிளேசஸ்’ 0 என்றே தொடக்கத்தில் இருக்கும். ஃபேட்டுக்கு 1, தொகைக்கு 2 என்று மாற்றுங்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்ட எண்கள் மீளாது என்பதால், அவற்றைப் பேரேட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றியாக வேண்டும். பால் பணப் பட்டுவாடாவில் ஒருவருக்கு ஃபேட் புள்ளி இரண்டு குறைந்தாலும் கேள்வி வரும்.

பதிவுகள் போனதுதான் இவற்றுள் கவலைக்குரியது. படிவத்தில் உள்ள சேவ் பொத்தான் பதிவை எஞ்சினிடம் ஒப்படைக்கிறது. உள்ளமைந்த எஞ்சினோ, பேஸின் முதன்மைச் சாளரத்தில் கோப்பைச் சேமிக்கும்போதுதான் அதைப் பேஸின் கோப்பான ஓடிபி கோப்புக்குள் எழுதுகிறது. ஆகவே அளவை நடக்கும்போதே அடிக்கடி அந்தச் சாளரத்துக்குச் சென்று கன்ட்ரோல்-எஸ் அழுத்துவதும், ஒவ்வொரு வேளை முடிந்ததும் கோப்பின் நகலைப் பென்டிரைவில் எடுப்பதும் கட்டாயம். பழகிய பின், பேஸை முகப்பாகவே வைத்துக்கொண்டு தரவை மரியாடிபி போன்ற தனி எஞ்சினுக்கு மாற்றிவிடுவது நல்லது.

படிக்க வேண்டுமென்றால், லிப்ரே ஆபீஸ் ஆவணக் குழுவின் ‘பேஸ் கைடு’ இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில், முன்பே ஓரளவு தெரிந்தவருக்கு எழுதியதைப் போல இருக்கும். அதனுடன் வரும் மாதிரிக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால்தான் பிடிபடும். கேரள அரசுப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனமான கைட் வழங்கும் லினக்ஸ் கணினிகளில் லிப்ரே ஆபீஸ் இருப்பதால், பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் ஐடி ஆசிரியரிடம் கேட்பதும் பயன் தரும். கேட்கப் போகும்போது பிழைச் செய்தியை ஒரு எழுத்தும் மாறாமல் குறித்துக்கொண்டு, மூன்று நான்கு பதிவுகள் மட்டும் உள்ள சோதனைக் கோப்பில் அதே பிழையை வரவழைத்துக் காட்டுங்கள். சொசைட்டியின் அசல் கோப்பில் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். இரண்டு பட்டுவாடாக்கள் கணினியிலும் பேரேட்டிலும் ஒத்துவரும் வரை பேரேட்டில் எழுதுவதையும் நிறுத்த வேண்டாம்.